எனக்குப் பிறகு இந்தக் குட்டி

மடத்து விறகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரே ஒரு நாய்க்குட்டி மிச்சம் இருந்தது. கூடப் பிறந்தவற்றை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தாயை முந்தின வாரம் தென்காசி ரோட்டில் லாரி அடித்துப் போட்டுவிட்டது. மிஞ்சிய செவலைக் குட்டி விறகுக்கு அடியில் சுருண்டு கிடந்தது.

உமையொருபாகம் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கால் வலிக்காரர். அவர் குத்தவைத்து உட்கார்ந்தார் என்றாலே காரியம் பெரிது என்று அர்த்தம்.

"அம்மா, இதை நான் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா?"

சாமியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. உமையொருபாகத்தைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். ஒட்ட வெட்டிய தலை, வெளுத்துப்போன காவிச் சேலை. முன்னே எங்கேயோ நர்ஸாக இருந்தார் என்று சிலர் சொல்வார்கள், இல்லை, ரயில்வேயில் இருந்தார் என்று சிலர் சொல்வார்கள். அவரிடமே கேட்டால், "இப்பம் கீரை உருவுதேன்" என்பார். வயதில் மூத்த சீடரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவார். அண்ணாச்சிக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

"எதுக்கு அண்ணாச்சி நாய்?"

"வீட்டுல ஒரு சத்தம் வேணும்மா. ஆவுடை போனதுலேர்ந்து ஃபேன் சத்தத்தைத் தவிர ஒண்ணும் இல்ல. கதவைத் திறந்து உள்ளே போகவே பிடிக்க மாட்டேங்குது."

"தெருவுல சத்தம் இல்லையா?"

"அது மனுசச் சத்தம். அது எனக்கு வேண்டாம்."

சாமியம்மா கீரையை உருவிக்கொண்டே இருந்தார். கீரைக் காம்பு முறத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒரு ஜீவனைக் கொண்டுவரத் தயாரா இருக்கேனான்னு எனக்குத் தெரியணும். நீங்கதான் சொல்லணும்."

"நீங்க என்ன நினைக்கீங்க?"

இதற்காகத்தான் அவர் காத்திருந்தார். உத்தியோக காலமெல்லாம் சர்வேயராக இருந்தவர். ஊர் நிலத்தை அளந்து அளந்து, அளக்காமல் எதையும் நம்ப முடியாத புத்தி வந்துவிட்டது. முற்றத்தில் குட்டி ஓட எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொன்னார். கேட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியைக் கம்பிவலை வைத்து அடைத்ததைச் சொன்னார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்து ஊசி போடச் சம்மதித்திருப்பதைச் சொன்னார். பால், சோறு, வெயிலுக்கு முந்தி ஒரு நடை, வெயில் தாழ்ந்து ஒரு நடை, எல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"ஒண்ணு விடாம அளந்து பாத்துட்டேம்மா."

"நாய் எத்தனை வருஷம் இருக்கும்?"

"நல்லாப் பாத்துக்கிட்டா பதிமூணு, பதினாலு."

"நீங்க?"

உமையொருபாகம் குட்டியைப் பார்த்தார்.

அதையும் அவர் அளக்காமல் இல்லை. சொல்லத்தான் வாய் வரவில்லை. திருநெல்வேலியில் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக்காட்டி, இருதயம் பெருத்துப் போயிருக்கிறது என்று சொல்லியிருந்தார். மனைவி ஆவுடை உயிரோடு இருந்திருந்தால், உங்களுக்கா என்று கேட்டுச் சிரித்திருப்பாள்.

"அது எனக்கு முந்திப் போனா நான் அழுதுட்டு இருந்துருவேன்" என்றார். "நான் முந்திப் போனா..."

"அதைத்தான் கேக்கேன்."

"மடம் இருக்குல்லாம்மா? நீங்க பாத்துக்கிட மாட்டீங்களா?"

"இதோட ஆத்தாவும் மடத்து நாய்தான்" என்றார் சாமியம்மா.

தென்காசி ரோட்டு லாரி அவருக்கு ஞாபகம் வந்தது.

சாமியம்மா முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். வரும்போது கையில் பிச்சைச் சட்டி இருந்தது.

அந்தச் சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மடத்தில் மதியச் சோறு வடிப்பதில்லை. தினமும் யாராவது ஒருவர் அந்த அலுமினியச் சட்டியோடு ஊருக்குள் போய், வீட்டுக்கு ஒரு பிடியாக வாங்கிவந்து, அதைக் கலந்துதான் எல்லாரும் சாப்பிடுவார்கள். உபதேசம் வாங்கியவர் ஒரு தடவையாவது சட்டி தூக்க வேண்டும் என்பது வழக்கம். உமையொருபாகம் மட்டும் தூக்கினதில்லை. ஒரு தடவை முழங்கால், ஒரு தடவை பிரஷர், ஒரு தடவை ஊரில் இல்லை. அதற்குப் பதிலாக அரிசி மூட்டை இறக்கிவிடுவார். சாமியம்மாவும் ஏன் என்று கேட்டதில்லை, மூட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்.

இப்போது அவர் சட்டிக்குள் ஒரு பழைய துண்டை விரித்தார். குட்டியைத் தூக்கி அதில் வைத்தார். துண்டின் நுனியை அதன்மேல் போர்த்திவிட்டார்.

"உங்க தெருவுக்குப் போங்க. சோறு கேக்க வேண்டாம். எனக்குப் பிறகு இந்தக் குட்டியை வச்சுக்கிடுவீங்களான்னு ஒவ்வொரு வாசல்லயும் கேளுங்க. ஒரு வீடு சரின்னு சொன்னாலும் குட்டி உங்களுக்கு."

"எங்க தெருவுலயா?"

"நாய் பின்ன எங்க போகும்?"

"அந்தத் தெருவுல நான் யாரோடயும் பேசுறதில்லம்மா."

"கேட்டா போதும். பேச வேண்டாம்."

உமையொருபாகம் சட்டியை வாங்கிக்கொண்டார். அது கனக்கவில்லை. ஆனாலும் ரோட்டைத் தாண்டுவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

முதல் வீடு தலைமையாசிரியர் வீடு. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சட்டியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பேசலாமா? உங்களுக்கு என்ன, நூறு வயசு இருப்பீங்க."

"சரி, அதுக்குப் பிறகு வச்சுக்கிடுவீங்களா?"

"சேச்சே, காலங்காத்தால என்ன பேச்சு இது" என்று தலைமையாசிரியர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த வீட்டில் பேரனுக்கு இழுப்பு, நாய் முடி ஆகாதாம். அதற்கடுத்த வீட்டில் நாய் ராசி இல்லை. ஒரு வீட்டில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். பிச்சைக்காரனுக்குச் செய்வது அதுதான். அவரும் எத்தனையோ தடவை செய்திருக்கிறார்.

மஞ்சள் பெயிண்ட் அடித்த வீட்டில் ஒரு சின்னப் பெண் வந்தாள், கல்யாணமாகிப் புதிதாகக் குடி வந்தவள். நல்ல பிள்ளை. தண்ணீர் வேணுமா என்று கேட்டாள். பிறகு, "நீங்க எந்த ஊரு தாத்தா?" என்றாள்.

"இந்தத் தெருதான். அந்தக் கடைசி வீட்டுக்கு முந்தின வீடு."

"அப்படியா? அது பூட்டின வீடுன்னுல்லா நினைச்சேன்" என்றாள் அவள்.

உமையொருபாகம் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கொடுத்தார். அந்தத் தெருவில் அவர் முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறார். நெஞ்சுக்குள் எதையோ வைத்து அழுத்தினாற்போல இருந்தது. டாக்டர் சொன்ன வலி வேறு, இது வேறு என்று அவருக்குத் தெரிந்தது.

எதிர்வரிசையில் உரக்கடைக்காரர் மகன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். கேள்வியைக் கேட்டார்.

"சரி பெரியவரே, பாத்துக்கிடலாம்."

உமையொருபாகத்துக்குக் காதை நம்ப முடியவில்லை.

"வச்சுக்கிடுவியா?"

"ஆமாய்யா, வச்சுக்கிடுதேன்."

ஒரு வீடு சொல்லியாயிற்று. திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டால் குட்டி அவருக்கு. நாலு எட்டு நடந்தும்விட்டார். ஆனால் எல்லைக் கல்லை நேரில் தொட்டுப் பார்க்காமல் கணக்கு எழுதிப் பழக்கமில்லாத மனுசர். திரும்பி வந்தார்.

"தம்பி, குட்டி என்ன நிறம்?"

பையன் நிமிர்ந்தான். "என்ன குட்டி?"

அவர் திரும்பி நடந்தார். துண்டுக்கடியில் குட்டி முனகியது. இன்னும் ஒரே ஒரு வாசல்தான் பாக்கி. அது அவருடைய வீட்டை ஒட்டியிருந்த கடைசி வீடு, பகவதியம்மாள் வீடு.

அந்த வீட்டுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. சுவர் என் இடத்துக்குள் நாலு விரற்கடை ஏறியிருக்கிறது என்று ஒரு காலத்தில் அவரே டேப்பைப் போட்டு அளந்து, எழுதிக்கொடுத்து, இடிக்க வைத்தார். அளவு சரிதான். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியவில்லை. பகவதியின் புருஷன் சிதம்பரநாதன் கடன் வாங்கிப் புதுச் சுவர் கட்டினார், அதற்குப் பிறகு உமையொருபாகத்தைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டார்.

சிதம்பரநாதன் செத்தபோது உமையொருபாகம் போகவில்லை. ஆவுடை செத்தபோது பகவதி வந்தாள். துட்டி வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், பக்கத்து வீட்டார்தான் சோறு கொண்டுவர வேண்டும். அவள் சோறும் ரசமும் கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைத் தொடவில்லை. மறுநாள் தெருநாய்கள் தின்றுவிட்டுப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். தெருப்பக்கத்து ஜன்னல் வழியாகத்தான். அந்தப் பக்கத்து ஜன்னலை, பகவதி வீட்டைப் பார்த்த ஜன்னலை, அவர் திறப்பதே இல்லை. சித்திரை வெயிலிலும் திறந்ததில்லை. அங்கே மூர்த்தி இருந்தான்.

மந்திரமூர்த்தி பகவதியின் ஒரே மகன். நாற்பதை நெருங்கிவிட்டான். பேச்சு வராது, தானாக எழுந்து நடக்க முடியாது. பகலெல்லாம் கூவுவான். சுவரைத் தாண்டி வரும் அந்தக் கூவல்தான் உமையொருபாகத்துக்கு ஆகாத மனுசச் சத்தங்களில் முதலாவது.

கதவு திறந்திருந்தது. பகவதி முன்னறையில் மகனுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்து, "என்ன?" என்றாள். வாங்க என்று சொல்லவில்லை. விரோதி வந்து நின்றாலும் வாங்க என்று சொல்லிவிடுகிற ஊர் அது.

எல்லா வாசலிலும் கேட்டுக் கேட்டுக் கேள்வி அவருக்குப் பாடமாகியிருந்தது. இங்கே பாதியில் நின்று நின்று வந்தது.

"எனக்குப் பிறகு... இந்தக் குட்டியை வச்சுக்கிடுவீங்களா?"

பகவதி கரண்டியைக் கும்பாவில் வைத்தாள்.

"இதைக் கேக்க உங்களுக்கு ஒரு தெரு இருக்கு" என்றாள். "இதே கேள்வியை வச்சுக்கிட்டு நான் எந்த வாசலுக்குப் போகன்னு தெரியாம இவனைப் பெத்த நாளிலேர்ந்து உக்காந்திருக்கேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். சட்டியைக் கீழே வைக்கவா வேண்டாமா என்று தெரியவில்லை. மூர்த்தி பாயிலிருந்து நகர்ந்து நகர்ந்து வந்து, கையை நீட்டினான். உமையொருபாகம் தன்னையறியாமல் சட்டியை இறக்கினார்.

மூர்த்தி துண்டை இழுத்தான். குட்டி தலையைத் தூக்கியது. அவன் அதைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு தன் கஞ்சிக் கும்பாவைத் தரையோடு தள்ளிக்கொண்டு வந்தான். குட்டி சட்டியிலிருந்து உருண்டு விழுந்து, முன்னங்காலைக் கும்பாவுக்குள் வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் நக்கியது.

"காலையிலேர்ந்து இதுக்கு ஒண்ணும் குடுக்கலியா?" என்று கேட்டாள் பகவதி.

உமையொருபாகத்துக்கு முகம் சுருங்கிப்போனது. தினம் எவ்வளவு பால் வேணும் என்று அளந்து வைத்திருந்தவர், அதற்குப் பசிக்கும் என்பதை மறந்திருந்தார். வெட்கமாக இருந்தது, அந்த வீட்டில் வைத்து அது தெரிந்துபோனது அதைவிட வெட்கமாக இருந்தது.

மூர்த்தி குட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கூவினான். அதே கூவல்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட இத்தனை வருஷத்தில் அது சிரிப்பு என்று அவருக்குத் தெரிந்ததில்லை.

"என்னால முடியாது" என்றாள் பகவதி. "சும்மா சரின்னு சொல்லி அனுப்ப எனக்கு மனசு வராது. எனக்குச் சீனி வியாதி. கால் மரத்துப்போகுது. எனக்குப் பிறகு இவனுக்கே யாருன்னு தெரியல, இதுல உங்க நாய்க்கு நான் எப்படி வாக்குக் குடுப்பேன்?"

"சரி" என்றார் அவர்.

"நீங்க கேட்டுட்டீங்க. நானும் ஒண்ணு கேக்கட்டுமா?"

அவர் தலையாட்டினார்.

"எனக்கு ஒண்ணு ஆயிட்டா, அந்த ஜன்னலைத் திறந்து, இவன் இருக்கானான்னு ஒரு வாட்டி எட்டிப் பாப்பீங்களா? சோறு போட வேண்டாம், தூக்க வேண்டாம். சத்தம் கேக்கலன்னா நாலு பேரைக் கூப்பிட்டுச் சொல்லணும், அவ்வளவுதான்."

அவள் அழவில்லை. கீரை விலை கேட்பதுபோலத்தான் கேட்டாள்.  உமையொருபாகம் குனிந்து, மூர்த்தியின் மடியிலிருந்து குட்டியை எடுத்தார். அவன் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. குட்டியைச் சட்டியில் வைத்து, துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பின்னால் மூர்த்தி கூவினான். இது சிரிப்பில்லை என்பதும் இப்போது அவருக்குத் தெரிந்தது. தெருமுனை திரும்புகிற வரைக்கும் அது கேட்டது.

மடத்தில் சட்டி இல்லாததால் அன்று யாரும் சோற்றுக்குப் போகவில்லை. எல்லாரும் பசியோடு ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். உமையொருபாகம் சட்டியைச் சாமியம்மாவின் முன்னால் வைத்தார். வயிறு நிறைந்த குட்டி தூங்கிப்போயிருந்தது.

"போனீங்களா அண்ணாச்சி?"

"போனேன்."

"எல்லா வாசலுக்குமா?"

"எல்லா வாசலுக்கும். ஒரு பையன் சரின்னான். அதை நான் சேக்கல."

"ஏன்?"

"அவன் குட்டியைப் பாக்கல."

சாமியம்மா தலையசைத்தார்.

"அப்ப ஒரு வீடும் இல்ல. நான் தயாரா இல்லைன்னு எனக்குக் காட்டத்தானே அனுப்பினீங்க?" அவர் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவருக்கே பிடிபடவில்லை.

"உங்க தெருவுல யாரு என்ன சொல்லுவாகன்னு எனக்கு எப்படித் தெரியும்? கடைசி வீட்டுல என்ன சொன்னாக?"

"முடியாதுன்னு சொன்னா. பெத்த பிள்ளையைத் தனக்குப் பிறகு பாக்க ஆளில்லையாம். நாயை எப்படி ஏத்துக்கிடன்னு கேட்டா."

"நியாயம்தான்."

"நியாயம்தான்" என்றார் அவரும். போயிருக்கலாம். ஆனால் கால் நகரவில்லை. "என்னையும் ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"அவளுக்கு ஒண்ணு ஆயிட்டா, ஜன்னலைத் திறந்து அவனை ஒரு வாட்டி எட்டிப் பாப்பேனான்னு."

சாமியம்மா சட்டியிலிருந்து குட்டியை எடுத்து விறகோரம் நிழலில் விட்டார். துண்டை உதறி மடித்தார். குட்டியின் வாயோரம் காய்ந்திருந்த கஞ்சியை விரலால் துடைத்துவிட்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. குட்டியைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்."

"அப்ப மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கீங்க" என்றார் சாமியம்மா.